விதிச் பெரிய தடுப்பாட்டக்காரரா, ஃபெர்டினாண்டின் நிழலில் நின்றவரா?

பின்வரிசைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

செர்பியத் தடுப்பாட்டக்காரர் நெமான்யா விதிச் 2016 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். அன்று முதல் அவர் பெயர் எந்த இழையில் அடிபட்டாலும் மூன்றாவது பதிலுக்குள் யாராவது ஒருவர் ‘டோரஸ்’ என்று அந்த லிவர்பூல் முன்கள வீரரின் பெயரை எழுதிவிடுகிறார். அடுத்து வருபவர், விதிச்சின் பின்வரிசை ஜோடியை இழுத்து, ‘ஃபெர்டினாண்ட் பக்கத்தில் நின்றால் நானும்தான் ஆடுவேன்’ என்கிறார். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இதற்கென்றே ஓர் இழையைத் திறந்துவிட்டேன்.

மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக 300 ஆட்டங்கள், 21 கோல்கள். ஐந்து பிரீமியர் லீக் பட்டங்கள், மூன்று லீக் கோப்பைகள், 2008இல் சாம்பியன்ஸ் லீக். பிரீமியர் லீக் வழங்கும் பருவத்தின் சிறந்த வீரர் விருது 2008–09இலும் 2010–11இலும் அவருக்குக் கிடைத்தது. கோல் அடிப்பவர்களுக்கென்றே வைத்திருப்பதுபோன்ற விருது அது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் அதை இரண்டு முறை வாங்குவது லேசான காரியமா?

நிழல் என்பவர்களுக்கு ஒரே கேள்வி. 2010–11 லீக்கில் ஃபெர்டினாண்ட் காயத்தால் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் இல்லை. விதிச்சின் பக்கத்தில் ஒரு நாள் ஜானி எவன்ஸ் நின்றார், ஒரு நாள் கிறிஸ் ஸ்மாலிங் நின்றார். ஸ்மாலிங் அப்போதுதான் ஃபுல்ஹாமிலிருந்து வந்திருந்த இளைஞர். கேப்டன் விதிச். பட்டமும் வந்தது, விருதும் வந்தது. அந்த ஆண்டு நிழல் எங்கிருந்து விழுந்தது?

ஆன்ஃபீல்டு அன்பர்

மூன்றாவது பதில் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? இரண்டாவதிலேயே எழுதிவிடுகிறேன்: டோரஸ்.

2009 மார்ச் 14, யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்ட், எதிரணி எங்கள் லிவர்பூல். ரொனால்டோவின் பெனால்டியில் யுனைடெட் முன்னிலை பெற்றுவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து எங்கள் ஸ்க்ர்டெல் பின்னாலிருந்து ஒரு பந்தைத் தூக்கி அடிக்கிறார். திட்டம் எதுவும் கிடையாது, வந்த பந்தைத் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். விதிச் அதை நேரே தலையால் முட்டித் திருப்பியிருக்கலாம். காப்பாளர் வான் டெர் சாருக்குத் தட்டிவிட்டிருக்கலாம். அவரோ தரையில் விழட்டும் என்று விட்டார். பந்து துள்ளியது, விதிச் தடுமாறினார், டோரஸ் குறுக்கே புகுந்து பறித்துக்கொண்டு போய்விட்டார். 1–1.

இரண்டாம் பாதியில் ஜெரார்டு தாண்டிப் போகும்போது விதிச் பிடித்து இழுத்தார். சிவப்பு அட்டை. அந்த ஃப்ரீகிக்கிலேயே அவுரேலியோ கோல் அடித்தார். கடைசியில் டோசேனா கூட ஒன்று போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1–4.

ஒரு நாள் சறுக்கல் என்றால் நானே பெருந்தன்மையாக விட்டிருப்பேன். 2008 செப்டம்பரில் எங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் சிவப்பு அட்டை. 2009 மார்ச்சில் இது. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி ஆன்ஃபீல்டில். 2014 மார்ச்சில் நான்காவது. ஒரே அணியிடம் நான்கு முறை களத்தைவிட்டு வெளியேறியவரைப் பாறை, மலை என்றெல்லாம் பாடினால் எங்களுக்குச் சிரிப்பு வராதா?

கோதை

அன்பரே, மார்ச் 14ஐ மட்டும் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகள் அலைவீர்கள்? அந்த மாதத்தை முழுதாகப் பாருங்கள்.

மார்ச் 4 அன்று நியூகாசிலில் லோவன்க்ராண்ட்ஸ் ஒரு கோல் அடித்தார். சாதாரணமாக அதை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். நவம்பர் தொடக்கத்துக்குப் பிறகு லீக்கில் வான் டெர் சாரைத் தாண்டிச் சென்ற முதல் பந்து அது என்பதால்தான் செய்தியானது. 14 ஆட்டங்கள், 1,311 நிமிடங்கள்!

மார்ச் 11, சாம்பியன்ஸ் லீக், மொரீன்யோவின் இன்டர் மிலான். நான்காம் நிமிடத்தில் கிக்ஸ் கார்னர் எடுக்கிறார். விதிச்சைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டியவர் வியெரா. உயரத்திலோ உடல்பலத்திலோ அவர் யாருக்கும் இளைத்தவர் அல்லர். ஆனால் பந்து காலைவிட்டுக் கிளம்பும் அந்த நொடியில் விதிச் ஓர் அடி முன்னால் வந்துவிட்டார். வியெரா திரும்புவதற்குள் பந்து உள்ளே. ஆட்டம் 2–0 என முடிந்து இன்டர் வெளியேறியது. இதற்கு மூன்று நாள் கழித்துத்தான் உங்கள் டோரஸ்.

நிழல் விஷயத்துக்கும் அதே பருவத்தில் பதில் இருக்கிறது. அந்த 1,311 நிமிடங்களின் நடுவே ஃபெர்டினாண்ட் முதுகுவலியால் பல ஆட்டங்களில் இல்லை. ஜனவரி 11 அன்று செல்சியை 3–0 என்று அடித்தபோது விதிச்சின் பக்கத்தில் நின்றவர் எவன்ஸ். முதல் கோலை அடித்ததும் விதிச்தான். டிசம்பரில் சண்டர்லாந்தை 1–0 என்று வென்ற அந்தக் கடைசி நேரக் கோலும் அவருடையதே. பருவ முடிவில் யுனைடெட் 90 புள்ளிகள், லிவர்பூல் 86. சிரித்தது யார்?

ஆன்ஃபீல்டு அன்பர்

> 14 ஆட்டங்கள், 1,311 நிமிடங்கள்!

அது வான் டெர் சாரின் கணக்கு, அணியின் கணக்கு அல்ல. பிப்ரவரியில் பிளாக்பர்னின் சாந்தா குரூஸ் கோல் அடித்த அன்று காப்பாளராக நின்றவர் குஷ்சாக். உங்கள் சுவர் அன்றே உடைந்துவிட்டது, அக்கா.

கோல்கம்பம்

இந்த வேகத்தில் போனால் பந்து பொறுக்கிப் போடும் பையன்களின் கணக்கையும் எடுத்துவிடுவீர்கள் போலிருக்கிறது. தொடருங்கள், சுவையாக இருக்கிறது.

மூன்றாம் பாதி

இரு தரப்பும் மதிப்பெண் பட்டியலை நீட்டுகிறீர்களே தவிர, அவர் எப்படி ஆடினார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

விதிச் பந்தை நோக்கிப் போகிறவர். ஃபெர்டினாண்ட் பந்து வரப்போகும் இடத்துக்குப் போகிறவர். எதிரணி உயரமாக ஒரு பந்தை அனுப்பினால் முதல் மோதல் விதிச்சுடையது. முன்னேறி வந்து முட்டுவார். அப்போது ஃபெர்டினாண்ட் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டு மூன்று அடி பின்வாங்கிச் சற்றே உள்பக்கம் நகர்ந்திருப்பார். விதிச் தவறவிட்டால் பந்து விழப்போவது அங்கேதான். பின்னால் ஆள் இருக்கிறார் என்ற தைரியம் இல்லாமல் ஒருவர் அப்படித் தலையைக் கொடுக்க முடியாது. முன்னால் ஒருவர் முட்டிமோதாமல் மற்றவர் அவ்வளவு அலுங்காமல் குலுங்காமல் ஆடியிருக்கவும் முடியாது. ஆகவே நிழல் என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

இன்னொன்று, அவர்களுக்கு முன்னால் நின்ற நடுக்கள வீரர் கேரிக். தரையோடு வரும் பாஸ்களின் வழியை அவர் அடைத்துவிடுவார். எதிரணிக்கு மிஞ்சுவது பக்கவாட்டிலிருந்து தூக்கிப் போடுவதுதான். விதிச்சுக்கு அது விருந்து!

எனவே விதிச்சை வீழ்த்த வேண்டுமென்றால் அவர் தலையிலிருந்து பந்தைத் தள்ளிவைக்க வேண்டும். டோரஸ் செய்தது அதைத்தான். அவர் ஃபெர்டினாண்ட் பக்கம் அதிகம் போகமாட்டார். விதிச்சின் தோளை ஒட்டி நின்று, பின்னாலுள்ள வெளியில் ஓடிக்கொண்டே இருப்பார். வேகத்தில் பின்தங்கினால் விதிச்சின் கை தானாக நீளும். அன்பர் அடுக்கிய அட்டைகளில் பாதிக்குக் காரணம் அந்தக் கைதான்.

பார்சிலோனாவை இதுவரை யாரும் தொடவில்லை என்பதும் ஆச்சரியம். 2008இல் யுனைடெட் ஐரோப்பாவை வென்ற பயணத்தில் மிகக் கடினமான 180 நிமிடங்கள் அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிரானவை. 0–0, பிறகு ஸ்கோல்ஸின் கோலில் 1–0. இரண்டிலும் விதிச் ஆடவில்லை. ஃபெர்டினாண்டுடன் ஆடியவர் வெஸ் பிரவுன். 2009இல் ரோமிலும் 2011இல் வெம்பிளியிலும் அதே அணிக்கு எதிரான இறுதிப் போட்டிகளில் விதிச் ஆடினார், 0–2, 1–3. ரோமில் பத்தாவது நிமிடத்திலேயே எட்டோ அவரை உள்பக்கம் வெட்டித் தாண்டிப் போய்த்தான் முதல் கோலை அடித்தார். தலைக்கு வேலை தராத அணியிடம் அவரும் இன்னொரு நல்ல தடுப்பாட்டக்காரர் மட்டுமே. அவர் மகத்துவத்துக்கு ஓர் எல்லை இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் என்ன இழுக்கு?

பின்வரிசைக்காரன்

> தலைக்கு வேலை தராத அணியிடம்

அந்த பார்சிலோனாவிடம் யாருக்குத்தான் வேலை இருந்தது, ஐயா? ரோமில் மெஸ்ஸி அடித்த இரண்டாவது கோல் ஹெடர். அவரைப் பின்னால் விட்டுவிட்டு நின்றவர் ஃபெர்டினாண்ட். அதை யாரும் முப்பது நொடிக் காணொளியாக்கி அனுப்புவதில்லை.

டான்யூப்

ஆட்ட நுணுக்கம் எனக்கு அவ்வளவு வராது. அவர் வந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், இடையூறாக நினைக்க வேண்டாம்.

மேற்கு செர்பியாவின் மலைகளுக்கு நடுவே இருக்கிறது உஜீட்சே. 1941இல் டிட்டோவின் கெரில்லாப் படையினர் நாஜிகளிடமிருந்து விடுவித்துச் சில வாரங்கள் தனி ஆட்சியே நடத்திய ஊர். அதனால் 1981 அக்டோபரில் விதிச் பிறந்தபோது அதன் பெயர் டிட்டோவோ உஜீட்சே. அவருக்குப் பத்து வயதானபோது யூகோஸ்லாவியா என்ற அந்த நாடு உடைந்தது, ஊர்ப் பெயரிலிருந்து டிட்டோவும் போனார். தந்தை செம்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. உள்ளூர் அணிகளில் ஆடிவிட்டு, பதின்ம வயதில் பெல்கிரேடுக்குப் போய் ரெட் ஸ்டாரின் இளையோர் பிரிவில் சேர்ந்தார். 1999இல் நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியா மீது 78 நாள்கள் குண்டு வீசியபோது அவருக்கு வயது 17.

ரெட் ஸ்டார் அவரை முதலில் ஸ்பார்டக் சுபோட்டிட்சாவுக்கு இரவலாக அனுப்பிப் பழக்கியது. திரும்பி வந்தவர் சீக்கிரமே கேப்டன் ஆனார். 2003–04இல் லீக்கும் கோப்பையும் சேர்த்து வென்றார்கள். பிறகு ஸ்பார்டக் மாஸ்கோ. 2005 கிறிஸ்துமஸ் சமயத்தில் யுனைடெட் மேலாளர் ஃபெர்குசன் சுமார் 70 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கினார். அடுத்து வந்த ஜனவரியில் அவரோடு சேர்ந்தவர் தடுப்பாட்டக்காரர் எவ்ரா. எவ்ராவின் முதல் ஆட்டம் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரானது. இடைவேளையிலேயே வெளியே எடுத்தார்கள். விதிச்சின் தொடக்கமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அன்று ரஷ்ய லீக் நவம்பரில் முடிந்துவிடும். ஓய்வில் இருந்த உடம்பை இங்கிலாந்தின் ஜனவரிச் சேற்றில் கொண்டுவந்து இறக்கினால் வேறென்ன நடக்கும்? ‘இந்த இருவரையும் யார் வாங்கச் சொன்னது’ என்று முணுமுணுத்தவர்கள் இரண்டே ஆண்டில் வாயடைத்துப் போனார்கள்.

தாழ்வாரம்

நாட்டுக்காக அவர் என்ன செய்தார் என்று டான்யூப் எழுதுவார் என எதிர்பார்த்தேன். கிளப்பில் இத்தனை கோப்பைகள் வாங்கியவர் செர்பியாவுக்கு எதையும் வென்று தரவில்லையே?

டான்யூப்

அது பெரிய கதை. மூன்று பெயர்களில் ஒரே நாட்டுக்கு ஆடியவர் அவர். 2002 அக்டோபரில் நேபிள்ஸில் இத்தாலிக்கு எதிராக முதலில் இறங்கியபோது அது யூகோஸ்லாவியா. பிறகு செர்பியா–மொண்டெனெக்ரோ. அதற்குப் பிறகு செர்பியா. மொத்தம் 56 ஆட்டங்கள், 2 கோல்கள்.

2006 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். பத்து ஆட்டங்களில் அந்த அணி வாங்கியது ஒரே ஒரு கோல், அதுவும் மாட்ரிட்டில் ரவுல் அடித்தது. விதிச், க்ர்ஸ்டாயிச், கவ்ரான்சிச், டிராகுடினோவிச் என்ற நால்வர்தான் அந்தப் பின்வரிசை. ஸ்பெயினைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தார்கள். ஆனால் கடைசி ஆட்டத்தில், போஸ்னியாவுக்கு எதிராக, விதிச் சிவப்பு அட்டை வாங்கிவிட்டார். அதனால் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் தடை. தடையோடு பயிற்சியில் முழங்காலும் போயிற்று. ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

இதற்கிடையே அந்த நாடே இல்லாமல் போய்விட்டது. மே மாத வாக்கெடுப்புக்குப் பிறகு ஜூன் 3 அன்று மொண்டெனெக்ரோ சுதந்திரத்தை அறிவித்தது. எட்டு நாள் கழித்து, கலைந்துபோன நாட்டின் பெயரில் அவர்கள் நெதர்லாந்தை எதிர்த்துக் களமிறங்கினார்கள். 0–1. அடுத்து அர்ஜென்டினா, 0–6. காம்பியாசோவின் அந்த கோலுக்கு முன் அர்ஜென்டினாக்காரர்கள் தங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பாஸ்கள் கொடுத்துக்கொண்டார்கள். தகுதிச்சுற்று முழுவதும் ஒரே கோல் வாங்கிய அணி அது என்று சொன்னால் அன்று யார் நம்பியிருப்பார்கள்!

2010இல் பிரான்ஸை முந்திக்கொண்டு நேரடியாகத் தகுதி பெற்றார்கள். ஜெர்மனியை 1–0 என்று வென்ற ஆட்டத்தில் விதிச் பெட்டிக்குள் பந்தைக் கையால் தட்டிவிட்டார். எதற்காகக் கையை உயர்த்தினார் என்பது அவருக்கே வெளிச்சம். பொடோல்ஸ்கியின் பெனால்டியை ஸ்டொய்கோவிச் பிடித்ததால் பிழைத்தார்கள். ஆனாலும் ஆஸ்திரேலியாவிடம் தோற்றுக் குழுவில் கடைசியாக முடித்தார்கள்.

2011 அக்டோபர், மரிபோர். யூரோ தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். ஸ்லோவேனியாவை வென்றால் பிளேஆஃப் என்ற கடைசி வாய்ப்பு. 0–1 என்று பின்தங்கியிருந்தபோது ஒரு பெனால்டி கிடைத்தது. விதிச்சே எடுத்தார். காப்பாளர் ஹந்தனோவிச் தடுத்துவிட்டார். ஆட்டம் அப்படியே முடிந்தது. சில நாள்களில் நாட்டு அணியிலிருந்து விலகுவதாக விதிச் அறிவித்தார். அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

கோதை

அந்த ஹந்தனோவிச் பெயரைப் பார்த்ததும் நினைவு வந்தது. 2014இல் விதிச் இன்டர் மிலானுக்குப் போனபோது அங்கே காப்பாளர் அவர்தான். இத்தாலிய லீக்கில் முதல் ஆட்டம் டூரினில். விதிச் ஒரு பெனால்டியைக் கொடுத்துவிட்டார், ஹந்தனோவிச் அதைத் தடுத்துக் காப்பாற்றினார். கடைசியில் விதிச்சுக்குச் சிவப்பு அட்டையும் கிடைத்தது. முதல் நாளே இப்படி என்றால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பருவம் ஆடினார், பிறகு முதுகு இடம் தரவில்லை.

ஆனால் உண்மையான முடிவு அதற்கு முன்பே, 2011 டிசம்பரில் பாசலில் நடந்துவிட்டது என்பேன். முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. அன்று யுனைடெட்டும் சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேறியது. 2012 செப்டம்பரில் மறுபடியும் அறுவைச் சிகிச்சை. 2013இல் ஐந்தாவது பட்டம் வென்றபோது அவர்தான் கேப்டன், ஆனால் பழையபடி முன்னேறி வந்து முட்டும் துணிச்சலில் ஒரு கணக்குப் பார்க்கும் தயக்கம் சேர்ந்திருந்தது. அந்தத் தயக்கம் வந்துவிட்டால் விதிச்சிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

கோல்கம்பம்

செல்சிக்கு எதிரான மாஸ்கோ சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை ஒருவரும் எழுதவில்லையே! 2008 மே 21, லுஷ்னிகி. விதிச் ஸ்பார்டக்கில் ஆடிய காலத்தில் அது அவருடைய சொந்த மைதானம். 116ஆவது நிமிடத்தில் ஏற்பட்ட தள்ளுமுள்ளில் ட்ரோக்பா அவர் கன்னத்தில் தட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். அடி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு லேசான தட்டு. அதன் விலை என்ன? ஆட்டத்தைத் தீர்மானித்த பெனால்டிகளில் ட்ரோக்பா இருந்திருந்தால் ஐந்தாவதை டெர்ரி எடுத்திருக்கவே மாட்டார் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. டெர்ரி வழுக்கினார், பந்து கம்பத்தில் பட்டது, கோப்பை மான்செஸ்டருக்குப் போயிற்று. விதிச் அந்த இரவில் செய்த மிகப் பெரிய சேவை ட்ரோக்பாவின் பொறுமையைத் தீர்த்ததுதான்.

மட்டுறுத்துநர்

பொதுவான வேண்டுகோள்: செர்பியத் தடுப்பாட்டக்காரர்களான இவானோவிச், மிஹாய்லோவிச் இருவரோடும் ஒப்பிட்டு வந்த நான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். நூற்றுக்கு மேற்பட்ட முறை நாட்டுக்கு ஆடிய இவானோவிச்தான் பெரியவர் என்பவர்கள் அங்கே வாதிடலாம். இங்கே விதிச் மட்டும்.

மூன்றாம் பாதி

பின்வரிசைக்காரனுக்கு ஒரு கேள்வி. டோரஸ் ஒரு முறை அல்ல, பல முறை அவரைத் திணறடித்தார் என்பதை ஏற்கிறீர்களா இல்லையா? நேராகச் சொல்லுங்கள், சுற்றிவளைக்க வேண்டாம்.

பின்வரிசைக்காரன்

லிவர்பூல் சட்டையில் திணறடித்தார், ஏற்கிறேன். ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறீர்கள். 2011 ஏப்ரல், சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. ஜனவரியில் 5 கோடிப் பவுண்டுக்குச் செல்சி வாங்கிய டோரஸ் இரண்டு ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே இறங்கினார். எதிரே அதே விதிச், அதே ஃபெர்டினாண்ட். முதல் ஆட்டம் 1–0 யுனைடெட்டுக்கு. இரண்டாவதில், ஓல்ட் டிராஃபோர்டில், இடைவேளையோடு டோரஸை வெளியே எடுத்துவிட்டு ட்ரோக்பாவை அனுப்பினார்கள். 2–1, செல்சி வெளியே. அடுத்த மாதம் பட்டத்தை முடிவுசெய்த ஆட்டத்தில் அதே செல்சிக்கு எதிராக விதிச் தலையால் இரண்டாவது கோலைப் போட்டார். இந்தக் காணொளியை எனக்கு யாரும் அனுப்புவதில்லை.

ஆன்ஃபீல்டு அன்பர்

அப்போது அவர் எங்கள் டோரஸ் இல்லை. முழங்கால் போன டோரஸ். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கோதை

நியாயம். அப்படியானால் 2014இல் நின்றவரும் முழங்கால் போன விதிச்தான். நான்காவது சிவப்பு அட்டையை நீங்களும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், மூன்றுக்கு மட்டும் சண்டை போடலாம்.